ஒப்பந்தத்தில் வரும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு: கடமையா, சடங்கா?

கரிசல்காட்டான்: உருகுவே ஆற்றுக் காகிதக்கூழ் ஆலை வழக்கைப் படித்தேன். இரு நாட்டு எல்லையில் ஓடும் அந்த ஆற்றுக்காக 1975-இல் அர்ஜென்டினாவும் உருகுவேயும் ஒப்பந்தம் போட்டிருந்தன. அதன்படி முன்கூட்டியே தெரிவிக்காமல் ஆலைக்கு அனுமதி கொடுத்தது உருகுவே. 2010-இல் சர்வதேச நீதிமன்றம் இதை மீறல் என்றது. ஆனால் மீறல் என்று அறிவித்ததே போதுமான பரிகாரமாம்! ஆலை இன்றும் ஓடுகிறது. அப்புறம் எதற்கு, ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே ஆராயும் இந்த மதிப்பீடு எல்லாம்?

வாய்தா: உருகுவே தோற்றது தகவல் சொல்லாததில்தான் நண்பரே, மதிப்பீட்டில் இல்லை. அதே தீர்ப்பில் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பொது ஆற்றில் எல்லை தாண்டிக் கணிசமான பாதிப்பு வரக்கூடும் என்றால், வேலை தொடங்கும் முன்பே மதிப்பீடு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படி எழுதாவிட்டாலும் அது பொதுச் சர்வதேசச் சட்டப்படி கடமை.

கரிசல்காட்டான்: அடுத்த பத்தியையும் படியுங்கள். மதிப்பீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யலாம். மாணவனே கேள்வித்தாள் தயாரிக்கிற கதைதான். கரையோர மக்களைக் கேட்டாக வேண்டும் என்ற கடமையும், அர்ஜென்டினா காட்டிய ஆவணங்களில் இல்லை என்றுவிட்டார்கள்.

குட்டிமணி: எல்லை தாண்டும் பாதிப்புகளை மதிப்பிடுவதற்கான எஸ்போ ஒப்பந்தத்தை மறந்துவிட்டீர்களே? 1991, பின்லாந்தில் கையெழுத்தானது. திட்டத்தையே கைவிடுவது உட்பட மாற்று வழிகளை அறிக்கையில் சொல்ல வேண்டும். பக்கத்து நாட்டு மக்களுக்கும் கருத்துச் சொல்லச் சமமான வாய்ப்பு தர வேண்டும்.

வாய்தா: உண்மைதான், ஆனால் இந்த இரண்டு நாடுகளும் அதில் உறுப்பினர் இல்லை. சரி, சடங்கு என்பவர் கோஸ்டா ரிகாவைப் பாருங்கள். நிகராகுவா எல்லையில் உள்ள சான் ஹுவான் ஆற்றோரம் மதிப்பீடு செய்யாமலே சாலை போட்டுவிட்டு, அவசரநிலை என்றது. 2015-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாலை போட ஆரம்பித்த பிறகு செய்த ஆய்வுகளும் செல்லாது என்றது.

கரிசல்காட்டான்: அந்தச் சாலைக்கு என்ன ஆயிற்று? அங்கும் அறிவிப்போடு சரி. ஆறு கணிசமாகக் கெட்டது என்று நிகராகுவாவால் நிரூபிக்க முடியவில்லை. எப்படி முடியும்? முன்பு ஆறு எப்படி இருந்தது என்ற கணக்கை எடுத்திருக்க வேண்டியது சாலை போட்டவர்தானே? எடுக்காதவருக்கே லாபம்.

வாய்தா: இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஓட்டை எழுத்தில் இருக்கிறது. ஆலை வழக்கில், பேச்சுவார்த்தைக் காலம் முடிந்த பிறகும் கட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ‘மதிப்பீடு முடியும்வரை ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது, அடிப்படைத் தரவை இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால் பேச்சே வேறு.

கரிசல்காட்டான்: அப்படி ஒரு வரிக்குக் கீழே எந்த நாடு கையெழுத்துப் போடும்?

குட்டிமணி: கடன் வேண்டும் என்றால் போடும் சார். இதே ஆலைக்குப் பணம் தரும் முன், உலக வங்கிக் குழுமத்தில் தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தரும் ஐஎஃப்சி தனியாக ஒரு தாக்க ஆய்வு நடத்த வைத்ததே.

கரிசல்காட்டான்: நடத்த வைத்துவிட்டு, பணத்தையும் கொடுத்தது.