இ.எல். (ஈட்டிய விடுப்பு) கணக்கு: பெரியாஸ்பத்திரி (மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை), தோப்பூர் எய்ம்ஸ், தனியார்

கேள்வி:
மதுரையில் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஆர்டரில் ஆண்டுக்கு 18 நாள் லீவு என்று இருக்கிறது. மூணு மாசம் முடிந்தும் பேலன்ஸ் பூஜ்யம். பெரியாஸ்பத்திரியிலும் எய்ம்ஸிலும் லீவு முன்கூட்டியே ஏறுமாமே, எப்படி?

பதில் 1:
பெரியாஸ்பத்திரியில் ரெகுலர் சிஸ்டர்களுக்கு ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் 15 நாள் இ.எல். வரவாகும். 240 நாளுக்கு மேல் சேராது. வருஷத்துக்கு 15 நாள் சரண்டர் செய்து பணமாக்கலாம். 2020-இல் நிறுத்திய அந்தச் சலுகை 1.10.2025 முதல் மறுபடி வந்திருக்கிறது. சி.எல். (தற்செயல் விடுப்பு) 12, டிசம்பர் 31-உடன் காலாவதி. தொகுப்பூதியத்தில் இருப்போருக்கு இந்த இ.எல். கணக்கு பொருந்தாது.

பதில் 2:
எய்ம்ஸில் மத்திய அரசு விதி. அதே 15+15, ஆனால் உச்சவரம்பு 300. கூடவே அரைச் சம்பள விடுப்பு வருஷத்துக்கு 20. சி.எல். 8 தான்.

அரையாண்டின் இடையில் சேர்ந்தால் முழுசா முடிந்த காலண்டர் மாதத்துக்கு 2.5 நாள். மார்ச் 12-இல் சேர்ந்தவருக்கு ஏப்ரல், மே, ஜூன் மட்டும்தான் கணக்கு: 7.5, அதை 8 ஆக்குவார்கள். மார்ச்சை ஏன் விட்டார்கள் என்று கேட்பவர்கள் அதிகம். அது முழு மாதம் இல்லை, அதனால்தான். சம்பளமில்லா விடுப்பில் 20 நாள் போனால் அடுத்த வரவில் அந்த நாட்களில் பத்தில் ஒன்று, அதாவது 2 நாள் குறையும்.

பதில் 3:
சிஸ்டர், மாசாமாசம் ஏறினால் 18-ஐ 12-ஆல் வகுத்து 1.5, மூணு மாசத்துக்கு 4.5 வந்திருக்கணும். பூஜ்யம் என்றால் பெரும்பாலும் ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்) முடிந்தபின் அல்லது வருஷக் கடைசியில் மொத்தமாக ஏற்றுகிறார்கள். ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து ஏறும், லாஸ் ஆஃப் பே (சம்பளமில்லா விடுப்பு) போட்டால் வெட்டுவார்களா, அடுத்த வருஷத்துக்குப் போகுமா, ராஜினாமா செய்தால் மீதிக்குப் பணம் உண்டா. வாய்ச்சொல் செட்டில்மென்ட் நேரத்தில் நிற்காது.

பதில் 4:
மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. ஆறு மாத பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், நோயின்போது சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. முதல் 2 நாளுக்குக் கிடைக்காது; அதற்கு மட்டும் சி.எல். போடுங்கள், சேர்த்த இ.எல்.லைத் தொடாதீர்கள்.