புதுப்பிப்பு: நிலத்தடி நகரத்துக்கு நிஜ உலக முன்மாதிரி கிடைத்தது

எங்கள் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டில் (மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) வரும் நிலத்தடி நகரத்துக்கு நிஜ உலகில் முன்மாதிரி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை கூறிய அனைவருக்கும் நன்றி. பாரிஸின் நிலத்தடிக் கல்லறைகளும் போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கமும் சுவையானவையே. ஆயினும் மக்கள் ஒளிந்து வாழும் இடமாகப் பொருந்தியது, துருக்கியின் கப்படோக்கியா பகுதியில் உள்ள டெரின்குயு நிலத்தடி நகரைப் பரிந்துரைத்த மறுமொழிதான்.

1963இல் மீண்டும் கண்டறியப்பட்ட அந்நகரம், மென்மையான எரிமலைச் சாம்பற்பாறையில் சுமார் 85 மீட்டர் ஆழம் வரை குடையப்பட்டது. தொழுவங்கள், கிடங்குகள், தேவாலயம், காற்றோட்டக் குழிகள் எல்லாம் அதில் உண்டு. உள்ளிருந்து உருட்டி மூடும் வட்டக் கல் கதவுகளையும், ஒருவர் பின் ஒருவராகவே செல்ல இயலும் குறுகிய வழிகளையும் அப்படியே என் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டேன்.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது: ஆட்டக்காரர்கள் கதவை உடைக்க முயலவே இல்லை. உள்ளே இருப்போர் எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று கேட்டு, காற்றோட்டக் குழியின் வாயைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் வழியே பேச்சுவார்த்தை தொடங்கினர். சண்டைக்கென நான் ஒதுக்கியிருந்த அமர்வு முழுவதும் அதிலேயே கழிந்தது. இதுவரை நாங்கள் ஆடியவற்றில் அதுவே சிறந்தது என்பேன். அந்நகரில் உள்ள கிணறுகளை இன்னும் என் வரைபடத்தில் வரையவில்லை. அவை அடுத்த அமர்வில் வரும்.