மகளுக்குப் பாடம் தேர்வு: ஏபி கால்குலஸ் எடுக்கவேண்டுமா? அவசரம்

புதுசா_வந்தவன்: இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறோம், பெட்டிகூட முழுசாகப் பிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பாடம் தேர்ந்தெடுக்கப் பள்ளிக்கூடத்தில் கவுன்சலரைப் பார்க்கவேண்டும். மகள் இன்ஜினியரிங்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) எடுக்காவிட்டால் நல்ல இடம் கிடைக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. எடுக்கலாமா, வேண்டாமா?

டெக்சாஸ்_மாமா: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஏபி கால்குலஸ் பிசி (கால்குலஸில் பெரிய நிலை), கூடவே ஏபி பிசிக்ஸ் சி. பிசிக்ஸ் 1 வேண்டாம், அதில் கால்குலஸே கிடையாது. மே மாதத் தேர்வில் ஐந்துக்கு 4, 5 வாங்கினால் பல யுனிவர்சிட்டிகளில் முதல் வருடக் கணக்கைத் தாண்டிவிடலாம்.

ஸ்கார்பரோ_அக்கா: எந்த நாடு என்றே அவர் இன்னும் சொல்லவில்லை, அதற்குள் டெக்சாஸ் தம்பி கிளம்பிவிட்டார்! நாங்கள் வந்தது ஜனவரிக் குளிரில். இவருக்கு இரவு வேலை. மகனைச் சேர்க்கப் போனால், அவன் பேசுகிற ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு இஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கிலம்) வகுப்பில் இருத்திவிட்டார்கள். ஒரு வருடம் வீண். பாடத்தை விடுங்கோ, முதலில் பிள்ளைக்கு நல்ல ஜாக்கெட் வாங்குங்கோ.

கணக்கு_வாத்தி: வீண் என்று சொல்லமுடியாது அக்கா. கனடாவில், நம் ஒன்டாரியோ மாகாணத்தில் 4 கட்டாய ஆங்கில கிரெடிட்டில் (ஒரு பாடம் தேறினால் ஒரு கிரெடிட்) 3 வரை இஎஸ்எல் பாடங்களாலேயே நிரப்பலாம். மீதி ஒன்று 12-ஆம் வகுப்பு ஆங்கிலமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பிராம்ப்டன்_பாண்டி: அதெல்லாம் காகிதத்தில். நம் பிள்ளைகள் என்றாலே பள்ளிக்கூடத்தில் கஷ்டமான பாடம் வேண்டாம் என்கிறார்கள். டியூஷன் வைக்கலாம் என்றால் வாடகையும் கார் இன்சூரன்ஸும் சம்பளத்தை முழுங்கிவிடுகின்றன. ஊரில் ஐந்நூறு ரூபாய்க்கு வாத்தியார் வீட்டுக்கே வருவார்.

ஸ்கார்பரோ_அக்கா: இன்சூரன்ஸ் பற்றிப் பேசாதேங்கோ, வயிறு எரியுது.

புதுசா_வந்தவன்: ஐயா, நாங்களும் ஒன்டாரியோவில்தான், மிசிசாகாவில் இருக்கிறோம். பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) உண்டு. தமிழ்நாடு ஸ்டேட் போர்டில் பிளஸ் ஒன் முடித்தவள், செப்டம்பரில் 12-ஆம் வகுப்பு.

கணக்கு_வாத்தி: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் டெக்சாஸ் வரை போயிருக்கவேண்டாம். சரி, ஏபியை மறந்துவிடுங்கள். அது இங்கே கட்டாயம் இல்லை. டொராண்டோ, வாட்டர்லூ யுனிவர்சிட்டிகள் இரண்டிலும் இன்ஜினியரிங்குக்குக் கேட்பது 12-ஆம் வகுப்பு யு நிலைப் (யுனிவர்சிட்டிக்குத் தயார்செய்யும்) பாடங்கள் ஐந்து: அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், கால்குலஸ் அண்ட் வெக்டர்ஸ் (இரண்டும் கணக்கு), பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ். ஆறாவதாக யு அல்லது எம் (யுனிவர்சிட்டி, காலேஜ் இரண்டுக்கும் பொதுவான) நிலையில் இன்னொன்று. கம்ப்யூட்டர் சயின்ஸ் இருந்தால் அதை எடுக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை முதலில் கேட்கவேண்டியது, பிளஸ் ஒன்னுக்கு எத்தனை கிரெடிட் தருவார்கள் என்பது. அதை முடிவு செய்வது பிரின்சிபல். 11-ஆம் வகுப்பு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, ஃபங்ஷன்ஸ் (கணக்கு) மூன்றுக்கும் ஈடு கிடைத்துவிட்டதா என்று பேர் சொல்லிக் கேளுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் அதன் 12-ஆம் வகுப்புப் பாடத்தில் உட்கார விடமாட்டார்கள். பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான எழுத்தறிவுத் தேர்வு, தன்னார்வச் சேவை மணிகள் இரண்டில் அவளுக்கு எவ்வளவு பாக்கி என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் செமஸ்டர் பிரிப்பு. அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ் முன்னாலோ கூடவோ இல்லாமல் கால்குலஸ் எடுக்கமுடியாது. அதனால் முதல் செமஸ்டரில் அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், பிசிக்ஸ், இங்கிலீஷ். இரண்டாவதில் கால்குலஸ், கெமிஸ்ட்ரி. பிளஸ் ஒன்னில் லிமிட்ஸ், வகைநுண்கணிதம், வெக்டர் எல்லாம் பார்த்திருப்பாள், கணக்கு பயமில்லை. ஆனால் இங்கே 70 சதவீதம் செமஸ்டர் முழுக்கச் செய்கிற டெஸ்ட், அசைன்மென்ட், லேப் ரிப்போர்ட்டுக்கு. கடைசித் தேர்வுப் பக்கம் இருப்பது 30தான். பரீட்சைக்கு முன்னால் உட்கார்ந்து பிடித்துவிடலாம் என்கிற நம்மூர்க் கணக்கு இங்கே எடுபடாது. இன்னொன்று, ஒரே பாடத்தைத் திரும்ப எடுத்து மார்க் ஏற்றினால் சில இன்ஜினியரிங் கல்லூரிகள் அதைக் கேள்வி கேட்கும்.

பிராம்ப்டன்_பாண்டி: ஏபி எடுத்தால் தப்பில்லையே?

கணக்கு_வாத்தி: தப்பில்லை. புது நாட்டில் முதல் வருடமே அந்தச் சுமை எதற்கு? சராசரி இறங்கினால் யார் பொறுப்பு? கனடாவில் படித்த வருடம் குறைவு என்று ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் திறன் தேர்வு) கேட்கும் இடங்களும் உண்டு, அதற்கு நேரம் வைக்கட்டும்.

புதுசா_வந்தவன்: உயிர் வந்தது. மார்க்‌ஷீட் ஜெராக்ஸ் போதுமா?

ஸ்கார்பரோ_அக்கா: ஒரிஜினலையும் கொண்டுபோங்கோ தம்பி. பத்தாம் வகுப்பினதும் வேணும்.