மயில் ஆடும்போது ஓரத்தில் ஒரு நீலக் கோடு: யாராவது உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே, மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து எழுதுகிறேன். இங்கே தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. அதற்குள் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வலைப்பக்கம் தயாராக வேண்டும். சரியான எழுத்தைத் தொட்டால் மயில் தோகை விரிக்கும், அவ்வளவுதான்.

ஸ்பிரைட் படம் (மயில் ஆடும் நிலைகளெல்லாம் வரிசையாக உள்ள படம்) ஒரே பிஎன்ஜி கோப்பு. 1024 பிக்சல் அகலத்தில் 8 மயில்கள், ஆளுக்கு 128, நடுவே இடைவெளியே இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் டிராஇமேஜ் என்ற வரையும் கட்டளை கொண்டு கட்டம் கட்டமாக வெட்டி, கேன்வாஸ் என்ற வரைபரப்பில் வரைகிறேன். வேகத்தில் சிக்கல் இல்லை. திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நம் நிரலை அழைக்கும் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் தரும் நேரத்தைக் கணக்கிட்டு, 100 மில்லிசெகண்டு ஆனால்தான் அடுத்த கட்டம். அதனால் 60 ஹெர்ட்ஸ் திரையிலும் 120 ஹெர்ட்ஸ் திரையிலும் ஒரே தாளம்தான்.

தலைவலி கைபேசியில்தான். மயிலின் வலது ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு மின்னி மறைகிறது. உற்றுப் பார்த்தால் அது பக்கத்துக் கட்டத்து மயிலின் கழுத்து! திரைக்கேற்ப படத்தைப் பெரிதாக்கும்போது பக்கத்துப் பிக்சலும் கலந்துவிடுகிறது போல. பெரிதாக்கும் படத்தை வழவழப்பாக்கும் இமேஜ்ஸ்மூத்திங்எனேபிள்டை ஃபால்ஸ் ஆக்கினால் (அதாவது அணைத்தால்) கோடு போய்விடுகிறது, ஆனால் தோகை பல் பல்லாகத் தெரிகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

கட்டங்களுக்கு நடுவே இரண்டு பிக்சல் வெற்றிடம் விட்டுப் படத்தையே மாற்றுவதா? வரைந்து தந்தவரிடம் மறுபடி போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. இல்லை, படத்தின் ஒரு பகுதியைத் தனிப் படமாக்கித் தரும் கிரியேட்இமேஜ்பிட்மேப்பால் எட்டையும் முதலிலேயே தனித்தனியாக வெட்டி வைத்தால் போதுமா? பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகள் கையில் இருப்பது அதுதான்.