காஸ்டிக் சோடா உங்கள் மேல் பட்டிருக்கிறதா? அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

நங்கநல்லூர், வீட்டில் சோப்பு செய்பவர்:

வணக்கம். நான்கு வருடமாகத் தேங்காய் எண்ணெய் சோப்பு செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். போன மே மாதம் எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காஸ்டிக் சோடா செதில்களைத் தராசில் அளந்துகொண்டிருந்தேன். கையுறை போட்டிருந்தேன், ஆனால் மணிக்கட்டு வரைதான். ஒரு சின்னச் செதில் வளையலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மே மாத வியர்வையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செதில் அதிலேயே கரைந்து மணிக்கட்டெல்லாம் வழவழவென்று ஆனது. எரிச்சலே இல்லை. ஏதோ சோப்புத் தண்ணீர் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தேன். பத்து நிமிடம் கழித்து அரித்தது. வளையலைத் தள்ளிப் பார்த்தால் தோல் வெள்ளையாக ஊறிப்போய், தொட்டால் கழன்று வருகிறது. அப்புறம்தான் வலி வந்தது. ராத்திரி முழுக்க இருந்தது.

அந்த வழவழப்பு என்னவென்று யோசித்தபோது உடம்பு சிலிர்த்தது. எண்ணெயைச் சோப்பாக்குவதற்குத்தானே காஸ்டிக் போடுகிறோம்? அதே வேலையை அது என் தோலின் கொழுப்பிலும் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அம்மா எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்தார். காஸ்டிக் ஒரு காரம், காரத்துக்குப் புளிப்பு மாற்று என்பது அவர் கணக்கு. நான் கேட்கவில்லை. குழாயைத் திறந்து இருபது நிமிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பிறகு பார்த்த டாக்டர் அதுதான் சரி என்றார். புளிப்பும் காரமும் சேரும்போது சூடு கிளம்பும், அதோடு தண்ணீர் விட வேண்டிய நேரமும் வீணாகும்.

என்னை உறுத்துவது வேறு விஷயம். எங்கள் வீட்டில் கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டில் பரண் மேல் இருக்கிறது. காஸ்டிக் டப்பாவோ இத்தனை வருடமும் சமையலறை அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்! ஆசிட் என்றால் பயப்படுகிறோம், சோடா என்றால் ஏன் பயம் வருவதில்லை?

அம்பத்தூர், அனோடைசிங் பட்டறை:

அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனோடைசிங் என்றால் அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் காப்புப் படலம் உண்டாக்கி நிறம் ஏற்றுவது. அதற்கு முன்னால் அலுமினியத்தின் மேல்தோலை அரித்தெடுக்க வேண்டும். அதற்குத்தான் காஸ்டிக் தொட்டி. ஐம்பது, அறுபது டிகிரி சூட்டில் இருக்கும். அலுமினியத்தை உள்ளே இறக்கினதும் நுரைத்துக்கொண்டு வாயு வரும். அது ஹைட்ரஜன், ஒரு பொறி போதும், பிடித்துக்கொள்ளும். கூடவே மெல்லிய சாரல் கிளம்பித் தொண்டையைக் கமறும். அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே கந்தக அமிலத் தொட்டி. அமிலத் தொட்டி அருகே போகும்போது எல்லோரும் கண்ணாடி, கையுறை, ஏப்ரன் போடுவோம். காஸ்டிக் தொட்டிக்குச் சும்மா போவோம். "அது ஆசிட் இல்லையே" என்று வாயால் சொல்லியே போவோம்.

2019 ஐப்பசி மழை. ஐம்பது கிலோ மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தோம். ஒரு மூட்டை ஓரத்தில் கிழிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சென்னைக் காற்றின் ஈரம் போதும், காஸ்டிக் அதைத் தானே இழுத்துக்கொண்டு தண்ணீராகிவிடும். காலையில் வந்து பார்த்தால் தரையில் ஒரு ஈரத் திட்டு. கூரை ஒழுகல் என்று நினைத்து ஒரு பையன் துடைப்பத்தால் தள்ளினான். வழுக்கி விழுந்தான். முழங்கையும் ஒரு பக்க இடுப்பும் அதில் பட்டன. சட்டை, பேன்ட் நனைந்திருந்தன, அவற்றைக் கழற்ற வெட்கப்பட்டான். அந்த வெட்கத்தில் போன ஐந்து நிமிடம்தான் அவனுக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை வரைக்கும் கொண்டுபோனது. துணி நனைந்தால் வெட்கம் பார்க்காதீர்கள். முதலில் துணி, உடனே தண்ணீர். காய்ந்த செதில் உடம்பில் ஒட்டியிருந்தால் மட்டும் முதலில் உதறிவிட்டு அப்புறம் தண்ணீர்.

கரைக்கும்போது காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். செதிலின் மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரு நொடியில் கொதித்து முகத்துக்கு வரும். அவசரத்தில் அப்படி ஊற்றுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

வேளச்சேரி, குடியிருப்புச் சங்கத்தில் இருப்பவர்:

இங்கே மூன்றாவது மாடியில் வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது. அந்த வீட்டுப் பெரியவர் கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் தூளைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினார். போகவில்லை. மறுபடி ஒரு பாக்கெட். அதற்கும் போகவில்லை. கடைசியில் ஆசிட்டை ஊற்றிவிட்டார். குழாய்க்குள் தேங்கி நின்ற காஸ்டிக்கும் ஆசிட்டும் சேர்ந்து குபீரென்று கூரை வரை அடித்தது. அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. நெற்றியும் கன்னமும் தப்பவில்லை.

அதற்கப்புறம் சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். பிளம்பரைக் கூப்பிட்டால், குழாயில் ஏற்கெனவே என்ன ஊற்றியிருக்கிறோம் என்று அவர் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பைப்பைக் கழற்றும்போது அவர் முகத்தில்தானே கொட்டும்?

கண் மருத்துவமனை ஒன்றில் செவிலியர், எழும்பூர் பக்கம்:

கண் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட அது அவசரம்.

ஆசிட் பட்டால் திசுவின் புரதம் கட்டிப்போய், பல சமயம் அந்தக் கட்டியே ஒரு தடுப்பு போல நின்று ஆசிட் ஆழமாகப் போவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். காரம் அப்படி நிற்காது. திசுவைக் கூழாக்கிக்கொண்டே உள்ளே போகும். கருவிழியைத் தாண்டி உள் அறை வரை சில நிமிடங்களில் போய்விடும். அதனால்தான் வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்த குழந்தை வந்தாலே நாங்கள் ஓடுவோம். சுண்ணாம்பும் காரம்தான், காஸ்டிக் அதைவிட வலியது.

பெரும்பாலோர் செய்யும் தவறு, உடனே ஆட்டோ பிடிப்பது. தயவுசெய்து முதலில் அங்கேயே கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். இமையை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்தது அரை மணி நேரம். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுக்கப் பாருங்கள். 108க்குப் பக்கத்தில் இருப்பவர் போன் செய்யட்டும், உங்கள் கை தண்ணீரை விடக் கூடாது. இங்கே வந்த பிறகும் முதல் வேலை கழுவுவதுதான். தாள் வைத்துக் காரத்தன்மையை (pH) பார்ப்போம், ஏழு என்றால் காரமும் இல்லை அமிலமும் இல்லை. ஏழுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் வரை விடமாட்டோம். மேல் இமையைத் திருப்பிப் பார்த்தால் சில பேருக்கு ஒரு செதில் அங்கே ஒளிந்திருக்கும்.

கண் சிவந்திருந்தால் ஒரு விதத்தில் நல்லது. சிவப்பே இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் எங்களுக்குக் கலக்கம். அங்கே ரத்த ஓட்டமே போய்விட்டது என்று அர்த்தம்.

வியாசர்பாடி:

எங்கள் தெருவில் வண்டியில் பினாயில், சோப் ஆயில், ஆசிட் விற்றுக்கொண்டு வருவார்கள். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றித் தருவார்கள். என் அண்ணன் மகன் ஐந்து வயதில் அப்படி ஒரு பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டான். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க வாங்கி வைத்த காஸ்டிக் தண்ணீர். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தோம். அது பெரிய தப்பு என்று பிறகு சொன்னார்கள். போகும்போது ஒருமுறை வெந்த தொண்டை, திரும்பி வரும்போது இன்னொரு முறை வேகிறது. உணவுக்குழாய் வெந்து ஆறி, சுருங்கிவிட்டது. பல மாதம் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் அதை விரித்துவிட வேண்டியிருந்தது. இப்போது பதினொன்று வயது. சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிடுகிறான்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மணலி, டேங்கர் ஓட்டுநர்:

தம்பிக்கு நன்றாகட்டும். படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் காஸ்டிக் லை ஏற்றுகிறேன், கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கரைசல். எங்கள் வண்டியின் பின்னால் ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். அதில் 1824 என்று இருந்தால் காஸ்டிக் கரைசல். செதிலாக மூட்டையில் போனால் 1823. உலகம் முழுக்க ஒரே எண். பக்கத்தில் சாய்சதுரப் படம், மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி கறுப்பு. இரண்டு குழாயிலிருந்து சொட்டுகிறது, ஒன்று ஒரு கையை அரிக்கிறது, ஒன்று இரும்பை. கீழே 8. எட்டாம் வகுப்பு என்றால் அரிக்கும் பொருள். நங்கநல்லூர் அக்கா பரணில் வைத்திருக்கும் ஆசிட் இருக்கிறதே, அதுவும் இதே எட்டாம் வகுப்புதான், அதன் எண் 1789. வகுப்பு பிரித்தவர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரே வகுப்பு என்பதற்காகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கக் கூடாது, அது தனி.

ஆபத்தான சரக்கு ஓட்ட மூன்று நாள் பயிற்சி எடுத்து உரிமத்தில் பதிய வேண்டும். அங்கேதான் இதெல்லாம் கற்றேன். வண்டியில் ஒரு அட்டை இருக்கும், கசிந்தால் என்ன செய்வது என்று. ஒருமுறை மாதவரம் தாண்டி வால்வில் கசிந்தது. பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்கும், வாசனை கிடையாது. ஒரு பைக் பையன் செருப்புக் காலோடு அதில் ஊன்றி நின்று, என்ன அண்ணா ஆச்சு என்று கேட்கிறான். அவனைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து டீக்கடைக் குடத்துத் தண்ணீரைக் காலில் கொட்டினேன். கோபப்பட்டான். பரவாயில்லை.

சாலையில் எட்டு போட்ட வண்டியிலிருந்து ஏதாவது ஒழுகினால் ஈரத்தில் வண்டியை விடாதீர்கள்.

பெரம்பூர், வேதியியல் ஆசிரியை:

பெயர்க் குழப்பத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன். ஆப்பசோடா சோடியம் பைகார்பனேட், ஆப்பத்துக்குப் போடலாம். சலவைசோடா சோடியம் கார்பனேட், துணிக்கு. காஸ்டிக் சோடா சோடியம் ஹைட்ராக்சைடு, பாடப்புத்தகத்தில் எரிசோடா. மூன்றும் வெள்ளை, மூன்றும் "சோடா". நல்ல தமிழ்ப் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, நாம்தான் அதை விட்டுவிட்டோம்.

கரைத்துவிட்டால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். ஐரோப்பிய வகைப்பாட்டில் ஐந்து சதவீதம், அதற்கு மேல் என்றாலே தோலை அரிப்பதில் உச்சப் பிரிவு. அரை சதவீதத்துக்கே எரிச்சல் எச்சரிக்கை வந்துவிடும். அலுமினியக் குண்டானில் கரைப்பவர்கள் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், அம்பத்தூர் தம்பி சொன்ன அதே ஹைட்ரஜன்தான் உங்கள் அடுப்புப் பக்கத்திலும் வரும்.

நங்கநல்லூர்:

வியாசர்பாடி சகோதரிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. குழந்தை நன்றாக இருக்க வேண்டும்.

டப்பாவைச் சமையலறையிலிருந்து எடுத்துவிட்டேன். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா, மேலே சிவப்பு எழுத்தில் "எரிசோடா – விஷம்", பூட்டிய பெட்டிக்குள். ஆசிட் பக்கத்தில் வைக்கவில்லை. சனிக்கிழமை பாரிமுனை போகிறேன். முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறையும், பக்கவாட்டில் இடைவெளி இல்லாமல் முகத்தோடு ஒட்டி நிற்கும் கண்ணாடியும் வாங்கப் போகிறேன். வீட்டில் சோப்பு செய்கிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சேர்த்து வாங்கி வருகிறேன்.