இறகில்லா அம்பு இடப்பக்கம் போகுது: முனையைக் கூட்டுறதா, அம்பை மாத்திறதா?

வணக்கம். ஒன்ராறியோவில ரீகேர்வ் வில்லோட (நுனி முன்பக்கம் வளைஞ்ச வில்) மான் வேட்டைக்குப் போற அண்ணாமார், அக்காமாரிட்ட ஒரு கேள்வி.

வில் 62 அங்குலம், கழற்றிப் பூட்டுறது. 35 பவுண்ட் லிம்பில (வில்லின்ர வளையிற கைகள்) பழகி இப்ப 45 போட்டிருக்கு. 40 காணாதோ எண்டு கேப்பீங்கள். மானுக்கு இங்க சட்டம், 700 மில்லிமீற்றருக்குள்ள இழுக்கேக்க 18 கிலோ (39.7 பவுண்ட்) இழுவிசை கேக்குது. லிம்பில எழுதியிருக்கிறது 28 அங்குல இழுவைக்கு. 700 மில்லிமீற்றர் 27½ அங்குலம்தான். 40 அதில 39 ஆயிடும், 18 கிலோவைத் தொடாது.

அம்பு காபன், 500 ஸ்பைன் (வளையிற அளவு, எண் கூடினால் அம்பு இளக்கம்), 30 அங்குலம், முனை 125 கிரெய்ன் பாரம். கைபிடிக்கும் நாணுக்கும் இடைவெளி 7¾ அங்குலம். நொக் புள்ளி (நாணில அம்பின்ர வால் பூட்டுற இடம்) நேர்மட்டத்துக்கு ½ அங்குலம் மேல, மூண்டு விரலும் அம்புக்குக் கீழ. வலக்கைக்காரர்.

15 மீற்றரில இறகு வைச்சது நடுவில சேருது. அம்பு வில்லுக்குப் பொருந்துதோ எண்டு பாக்க விட்ட இறகில்லாதது ஒவ்வொருமுறையும் அரைச் சாண் இடப்பக்கம், வால் மேல தூக்கி நிக்குது. விரல் நாணைப் பிடுங்கினால் அம்பு சிதறும். இது ஒரே இடத்தில குத்துறதால அம்பு விறைப்பு எண்டுதான் படுது.

முனையை 175 ஆக்கி அம்பை இளக்கினால் காணுமா, 600 ஸ்பைன் வாங்கவேணுமா? பாரமான அம்பு மானுக்கு நல்லம், அதால முதலாவதுதான் விருப்பம். வெட்டச் சொல்லாதேங்கோ, இன்னும் விறைக்கும்.

வால் தூக்கிறது புள்ளி உயர்ந்தா, இல்லாட்டி பதிஞ்சு அம்பு தட்டில அடிச்சு எகிறியா? மூண்டு விரலும் கீழ பிடிக்கிற ஆக்கள் எவ்வளவு உயரத்தில வைக்கிறீங்கள்?