பெரிய நாய் குட்டியைப் பார்த்து உறுமுகிறது, என்ன செய்யலாம்?

கேட்டவர்: திண்டுக்கல் வாசகி
எங்கள் வீட்டில் 9 வயது ராஜபாளையம் நாய், வெள்ளையன். இப்போது இரண்டு மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்றை மகன் தூக்கி வந்திருக்கிறான், பெயர் சிட்டு. அவள் வெள்ளையனின் காதைப் பிடித்துத் தொங்குகிறாள். அவன் உறுமுகிறான். நேற்று சோறு வைத்தபோது அவளைச் சட்டென்று கவ்விவிட்டு உடனே விட்டான். காயமில்லை, ஆனால் குட்டி வீலென்று கத்தியதில் எல்லோரும் பயந்துவிட்டோம். பொறாமைதான், அதட்டி வை என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் குட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

பதில்: மொட்டைமாடி
கவ்வியும் காயமில்லை என்றால், அவன் நிதானத்தோடுதான் கவ்வியிருக்கிறான். உறுமலுக்கு மட்டும் அதட்டாதீர்கள் அக்கா. "போதும், தள்ளிப் போ" என்று சொல்ல அவனுக்கு இருக்கும் வழி அது. அதையும் அடக்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாமலே கடித்துவிடுவான். உறுமினால் குட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

சாப்பாடு இரண்டு பேருக்கும் வேறு வேறு அறையில், கதவைச் சாத்தி. முடிந்ததும் தட்டுகளை எடுத்துவிடுங்கள். எலும்பும் அப்படித்தான். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். தூக்கம் கெட்ட குட்டிதான் அதிகம் கடித்துத் தொல்லை செய்யும், அதனால் அவளை அடிக்கடி தனியாகப் படுக்க வையுங்கள்.

பதில்: கால்நடை நண்பன்
வெள்ளையன் காலையில் எழ சிரமப்படுகிறானா?

திண்டுக்கல் வாசகி
ஆமாம். மாடிப்படி ஏறுவதையும் விட்டுவிட்டான். வயசாகிவிட்டது என்று நினைத்தோம்.

கால்நடை நண்பன்
அப்படியானால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வலி இருக்கும் நாய்மேல் குட்டி தாவினால் உறுமத்தான் செய்யும். நமக்குப் போடும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை விஷமாகலாம்.

சிட்டுவுக்கும் அப்போதே தடுப்பூசி ஆரம்பித்துவிடுங்கள். 16 வாரம் ஆகும் வரை 3, 4 வார இடைவெளியில் போட வேண்டும். அதுவரை தெருவில் இறக்கி விட வேண்டாம், பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றும் பயம் இருக்கிறது. இரண்டையும் பழக்க உங்கள் வாசல் முற்றமே போதும். ஆளுக்கு ஒரு கயிறாக இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, நடுவில் நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள். இருவரும் சாதாரணமாக இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். முகத்துக்கு முகம் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

திண்டுக்கல் வாசகி
காட்டினோம். இடுப்பு மூட்டுத் தேய்மானமாம், மருந்து கொடுத்திருக்கிறார்கள். மொசைக் தரை வழுக்குகிறது என்று பாய் விரித்திருக்கிறோம். பின்கட்டில் அவனுக்குத் தனி இடம். இப்போது உறுமல் குறைந்திருக்கிறது. ஒரு சந்தேகம்: நாங்கள் வேலைக்குப் போகும்போது வெள்ளையனைக் கட்டிவிட்டு, குட்டியை அவிழ்த்து விடலாமா?

மொட்டைமாடி
வேண்டவே வேண்டாம். கட்டிப்போட்டால் குட்டி தொந்தரவு செய்யும்போது அவனால் விலகிப் போக முடியாது, கடிக்கிற நிலைமை அங்கேதான் வரும். அவனை அவிழ்த்தே விடுங்கள். சிட்டுவைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். இருவருக்கும் தனித்தனியாகத் தண்ணீர் வைத்துவிட்டுப் போங்கள். மதியம் யாராவது வந்து அவளை ஒருமுறை முற்றத்தில் விட முடிந்தால் நல்லது.